உப்புக்கிணற்றுக்கு ஒரு டிக்கெட்

போன மாதம் வேடசந்தூரில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில் நேரம். பஸ் முழுக்க ஷிப்ட் முடிந்து போகும் மில் பெண்பிள்ளைகள், தலையெல்லாம் பஞ்சு. அதில் ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். கிழவி என்று கொடுத்தாளா, நான் நின்ற தோரணையைப் பார்த்துப் பயந்து கொடுத்தாளா, தெரியாது. உட்கார்ந்துகொண்டேன்.

முன் சீட்டில் என் வயதுக்காரர் ஒருவர். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. திருடித் தின்பவர் மாதிரி ஒரு கிள்ளு கிள்ளி வாயில் அதக்கிக்கொண்டார். இப்போதெல்லாம் புகையிலையைக் கடையில் ஒளித்து வைத்துத்தான் விற்கிறார்களாம். அவர் போட்டதில் முக்கால்வாசி சென்ட் வாசனை. ஆனாலும் அடியில், எங்கோ ஒரு மூலையில், அந்தப் பழைய காரம் இருந்தது. மூக்கில் ஏறி, கண்ணில் முட்டி, நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்தான்.

"பாட்டி, எங்க?"

திண்டுக்கல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உப்புக்கெணறு" என்று வந்துவிட்டது.

"என்னது?"

"உப்புக்கெணறு. வெள்ளைப்பாறைக்குச் செத்த முன்னால."

"அப்பிடி ஒரு ஸ்டாப்பிங்கே கெடையாதே பாட்டி."

"ஒனக்குக் கெடையாது அப்பு. எனக்கு இருந்துச்சு."

மில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டு கையில் இருந்த மிஷினைத் தட்டினான். "இதுல இல்லாத ஊருக்கு நான் எங்கிட்டுப் போயி டிக்கெட் அடிக்கிறது?" என்று சொல்லி, எதையோ அமுக்கி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சீட்டைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏன் என்று சொல்கிறேன். உங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லையே?

உப்புக்கிணறு ஓர் ஊரா என்று கேட்டால், அங்கே இருந்த எங்களுக்கே ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. என் மாமனார் காலத்துக்கும் முன்னால் வெள்ளைப்பாறைக்காரர் ஒருவர் தன் காட்டில் கிணறு வெட்டினாராம். பாறையை உடைத்து உடைத்து ஆழத்துக்குப் போனதும் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. ஆசையாக ஒரு கை அள்ளிக் குடித்தவர் அப்படியே துப்பிவிட்டார். அவ்வளவு உப்பு. தெய்வத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று நாள் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தாராம். நெல்லுக்கு ஆகாது, வாழைக்கு ஆகாது, மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் யாரோ சொல்லி அந்தத் தண்ணீரில் புகையிலை போட்டுப் பார்த்தார். இலை யானைக் காது மாதிரி வந்தது. உப்புத் தண்ணீர் பாய்ந்தால் புகையிலைக்கு ஒரு கனம், ஒரு காரம். அப்படி ஒரு சென்மம் அது.

புகையிலைக்கு ஆள் நிறைய வேண்டும். நடுவதற்கு, பக்கக் கொழுந்து ஒடிப்பதற்கு, அறுப்பதற்கு, காயப்போடுவதற்கு என்று தினமும் கை வேண்டும். அப்படிக் கூலிக்கு வந்தவர்கள் கிணற்றுக்குப் பக்கத்துப் பாறைப் புறம்போக்கில் குடிசை போட்டார்கள். போட்டவர்கள் திரும்பிப் போகவில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது முப்பத்தெட்டு வீடு. பாதி எங்களைப் போல வேதக்காரர்கள், பாதிப் பேர் இந்துக்கள். நடுவில் சிலுவை நட்ட ஒரு குருசடி, அதற்கு இருபதடி தள்ளி ஒரு கன்னிமார் கல். இரண்டுக்கும் ஒரே எண்ணெய்க் குப்பிதான். கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. எது வேண்டுமானாலும் ஒரு மைல் நடந்து வெள்ளைப்பாறைக்குப் போக வேண்டும்.

நான் பிறந்த ஊரில் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். மடத்து அம்மாமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், என் பெயரைக் கோணாமல் எழுதுவேன். அந்த முப்பத்தெட்டு வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் திமிரோடு வந்த என்னை அந்தக் கிணறு முதல் நாளே ஒரு பிடி பிடித்தது. குளித்தால் சோப்பு நுரைக்கவில்லை. தலைமுடி தேங்காய் நார் மாதிரி நின்றது. பருப்பை வைத்தால் விறகுதான் தீர்ந்தது, பருப்பு வேகவில்லை. என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில பருப்பு வேகாது ஆத்தா, நாமதான் வேகணும்" என்றார். நான் சிரிக்கவில்லை. அழுதேன்.

குடிக்கவும் சமைக்கவும் வெள்ளைப்பாறைக் கிணற்றுக்குத்தான் போவோம். அவர்கள் இறைத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் குடங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். உள்ளே வெளியே எல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். "உப்புக்கெணத்தாளுக வந்துட்டாளுகடி, வாளியத் தள்ளி வையி" என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி, "தாராளமா அள்ளிட்டுப் போங்க, கொஞ்சம் கண்ணீரக் கலந்துக்கிட்டா ஒங்க ஊருத் தண்ணி ஆயிரும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவேன். நாலாம் நாள் குடம் மறுபடி வெளுத்திருக்கும். பூவைப் பார்த்தும் சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிணற்றுக்கு வருகிறாளாம்.

அப்போதிருந்துதான் என்று நினைக்கிறேன், அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் கூசியது. எனக்கு மட்டும் இல்லை. எங்கள் ஆட்கள் யாருமே வெளியில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் வெள்ளைப்பாறை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் வெள்ளைப்பாறை. ரேஷன் கார்டில் வெள்ளைப்பாறை, கல்யாணப் பத்திரிகையில் வெள்ளைப்பாறை, கோயிலில் ஞானஸ்நானச் சீட்டிலும் வெள்ளைப்பாறை. உப்புக்கிணறு என்று சொன்னால் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணுக்குப் பல்லு கறை, முடி சிக்கு, வாய் நீளம் என்று ஒரு பேச்சு. மூன்றாவது வேண்டுமானால் உண்மை.

புகையிலையைப் பற்றிச் சொல்ல வந்தேன். அறுத்த இலையை வெயிலில் காயவைத்து, அடுக்கி, மூடி, பிரித்து, மறுபடி அடுக்கி, பக்குவம் வரும்வரை அதோடுதான் எங்கள் பிழைப்பு. இலையைத் தொட்ட கை கசக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், அதிலும் உப்புத் தண்ணீரில் கழுவினால், போகவே போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறு கசக்கும், தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் கசக்கும். பச்சைப் பிள்ளைக்காரிகள் பால் கொடுக்கும் முன் கையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். என் மகள் லூர்து கைக்குழந்தையாக இருந்தபோது என் விரலைச் சப்பிவிட்டு ஒரு முகம் காட்டினாள் பாருங்கள், பெரிய மனுஷி மாதிரி. அந்த முகத்தை அப்புறமும் ஒரு தடவை பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

ஒரே ஓர் இடத்தில்தான் எங்கள் பெயருக்கு மரியாதை இருந்தது. திண்டுக்கல்லில் ஒரு ராவுத்தர் புகையிலை மண்டி வைத்திருந்தார். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிற சாக்கில் சரக்கு வண்டியிலேயே நானும் என் வீட்டுக்காரரும் போனோம். வெள்ளைப்பாறைச் சரக்கும் அன்று வந்திருந்தது. கொண்டு வந்தவர் எல்லாம் ஒன்றுதான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் எங்கள் கட்டிலிருந்து ஓர் இலையை உருவி, முகர்ந்து, ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒன்னோடதும் நல்ல சரக்குதான், இல்லங்கல. ஆனா உப்புக்கெணறு உப்புக்கெணறுதான்யா. கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லிப்புடுவேன்."

மண்டி ஆள் மையைத் தொட்டுச் சாக்கின் மேல் எழுதினான். நான் எழுத்துக் கூட்டினேன். உப்-புக்-கி-ண-று. வாழ்க்கைப்பட்டு அத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தது அந்தச் சாக்கில்தான். காகிதத்தில் பார்த்ததில்லை.

ராவுத்தர் என்னைப் பார்த்து, "நீங்களும் அந்த ஊருதானாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்க. வெள்ளைப்பாறை" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "யா அல்லா, சரக்குக்கு இருக்குற ரோஷம் ஆளுகளுக்கு இல்லாமப் போச்சே" என்று சொல்லி ராவுத்தர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் காது சுட்டது. வரும் வழியெல்லாம் வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதற்காகவே சண்டை.

லூர்துவுக்குச் சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்த நிலம், ஊருக்குள் பலசரக்குக் கடை, ஒரே பையன். நாங்கள் எட்டிப் பார்க்கக்கூட முடியாத இடம். தரகரிடம் வெள்ளைப்பாறை என்றுதான் சொல்லியிருந்தோம். பெண் பார்க்க வந்தால் இந்தக் குடிசைக்குத்தானே வர வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். "வெள்ளைப்பாறையிலயே இது மேக்குத் தெருன்னு சொல்லிக்கிருவோம்" என்றேன். அவர்கள் வருகிற நாளில் விடியும் முன்னே நானும் என் நாத்தனார் ஆரோக்கியமும் மூன்று நடை போய் ஆறு குடம் நல்ல தண்ணீர் கொண்டு வந்தோம். கை கழுவக்கூட நல்ல தண்ணீர்தான். உப்புப் பூத்த பாத்திரம் எல்லாவற்றையும் தனம் வீட்டில் ஒளித்து வைத்தேன். தனம் எங்களுக்கு அடுத்த வீடு. "அம்புட்டையும் ஒளிச்சுட்ட. கெணத்த எங்க ஒளிப்ப?" என்று கேட்டாள். நான் முறைத்தேன்.

காலை பத்து மணி வாக்கில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, இன்னும் நாலு பேர். பாயில் உட்காரவைத்து, பேச்சைத் தொடங்கி, லூர்துவுக்குச் சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்த நேரம். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

தாலுகாவிலிருந்து வந்த ஓர் அதிகாரி, கூடவே தலையாரி, இன்னும் இரண்டு பேர். புறம்போக்கில் குடியிருக்கிறவர்களைப் பற்றி எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். ஆம்பளைகள் பாதிப் பேர் காட்டில். இருந்த கூட்டமும் எங்கள் வீட்டு முன்னால்தான். அதிகாரி நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இந்த எடத்துக்கு என்னம்மா பேரு? தனி ஊரா, இல்ல வெள்ளைப்பாறையோட சேர்ந்ததா?"

என் சின்ன மாமனார் சூசை மாமா அங்கேதான் நின்றிருந்தார். எங்களில் பெரியவர். அந்தப் பாறையில் முதல் குடிசை போட்டவரின் மகன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமி, இது உப்புக்..." என்று ஆரம்பித்தார்.

பாயில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா இந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்க சும்மா இருங்க மாமா" என்றேன். அந்த மனிதரை அதற்கு முன்னால் நான் எதிர்த்துப் பேசியதில்லை. "வெள்ளைப்பாறைதாங்கய்யா. தனி ஊரெல்லாம் ஒண்ணும் கெடையாது."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. தனிக் குடியிருப்புன்னு எழுதிட்டா பின்னால பட்டா, தண்ணிக் குழாய் எல்லாம் அதை வச்சுத்தான் வரும்."

அதையும் கேட்டேன். காதில் விழாமல் இல்லை. பட்டா என்றைக்கோ வரும், வராமலும் போகும். பெண் பார்க்க வந்தவர்கள் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படித்தான் என் புத்தி ஓடியது. "யோசிக்க என்னங்கய்யா இருக்கு? நாங்க வெள்ளைப்பாறைக்காரங்கதான்" என்றேன்.

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாராவது மறுத்துப் பேசினால் அடக்கிவிடத் தயாராக நின்றேன். யாரும் பேசவில்லை. அந்த முப்பத்தெட்டு வீட்டில் பாதி வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தது. எல்லாருக்கும் அன்றைக்கு நான் ஒரே வாயாக இருந்தேன்.

அதிகாரி எழுதிவிட்டு, படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். "எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று கையை நீட்டினேன். சம்பந்தம் பேச வந்தவர்கள் பார்க்க வேண்டும், பெண்ணின் அம்மா படித்தவள் என்று. அத்தனை பேர் முன்னால் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்தேன். மேற்படி இடத்தில் தனிக் குடியிருப்பு ஏதும் இல்லை. நானே வாசித்தேன், அர்த்தம் புரிந்து வாசித்தேன். எவரும் என்னை ஏமாற்றவில்லை. கோணாமல் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே மற்றவர்கள் வரிசையாக வந்து பெருவிரலை அழுத்தினார்கள். சூசை மாமா கடைசியாக வந்தார். மை தொட்ட விரலைத் தலைப்பாகையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே காட்டுக்குப் போய்விட்டார்.

திரும்பினேன். கதவோரம் சேலை கட்டிக்கொண்டு லூர்து நின்றிருந்தாள். கைக்குழந்தையில் என் கசப்பு விரலைச் சப்பிவிட்டுக் காட்டிய அதே முகம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பத்திரிகையில் வெள்ளைப்பாறை.

அதற்கு அப்புறம் பத்துப் பதினைந்து வருஷத்தில் காடு காய்ந்தது. காட்டுக்காரர்கள் புகையிலையை விட்டுவிட்டு மனை போட்டு விற்க ஆரம்பித்தார்கள். எங்கள் பிள்ளைகள் வேடசந்தூர் மில்லுகளுக்கு சைக்கிள் மிதித்துப் போனார்கள். ராவுத்தர் மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அப்புறம் ரோட்டை அகலப்படுத்த அளந்துகொண்டு வந்தார்கள். பாறை, குருசடி, கன்னிமார் கல், கிணறு, முப்பத்தெட்டு வீடு, எல்லாம் கல் நட்ட கோட்டுக்கு உள்ளே.

வெள்ளைப்பாறையிலும் கொஞ்சம் வீடு போனது. பட்டா இருந்ததால் அவர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். எங்களுக்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு கூட்டமாகத் திண்டுக்கல்லுக்குப் போனோம். அங்கே சின்ன வயதுப் பெண் ஒருத்தி அதிகாரியாக இருந்தாள். எழுந்து நின்று நாற்காலி கொடுத்தாள்.

"பாட்டி, உங்களுக்குச் செய்யக் கூடாதுன்னு இல்ல. பழைய ஊர்னு காட்ட ஏதாச்சும் ஒரு காகிதம் வேணும். அந்தப் பேர்ல ஒரு ரேஷன் கார்டு, ஒரு பள்ளிக்கூடச் சீட்டு, ஏதாவது?"

கொண்டு போயிருந்த பையைக் கொட்டிக் காட்டினோம். ஒவ்வொரு காகிதமும் வெள்ளைப்பாறை, வெள்ளைப்பாறை என்று சொல்லிக்கொண்டு விழுந்தது.

"அப்ப வெள்ளைப்பாறையில உங்க வீடு எங்க இருக்கு?"

வெள்ளைப்பாறையில் எங்களுக்கு ஏது வீடு? அவள் ஒரு ஃபைல் கட்டை அவிழ்த்து ஒரு பழைய தாளை எடுத்தாள். "இதுல தனிக் குடியிருப்பே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே. இது யாரு கையெழுத்து?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வாழ்க்கையே பறிபோகிற அந்த நேரத்திலும், எழுத்து எவ்வளவு நேராக இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. அப்படி ஒரு பிறவி நான்.

"என்னோடதுதான்" என்றேன்.

வெளியே வந்ததும் தனம் ஆரம்பித்தாள். "படிச்சவடி இவ! நாங்க கைநாட்டுக. நீ வாசிச்ச, நாங்க வச்சோம்!"

"நீ அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒம் மகளுக்காகத்தானே நீயும் பேசாம இருந்த?"

"ஆமா இருந்தேன்! நீ சொன்னதுனால இருந்தேன்!"

ஆபீஸ் வாசலில் இரண்டு கிழவிகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றோம். சூசை மாமா நடக்க முடியாமல் ஆட்டோவில் வந்திருந்தார். அவர்தான் கையை நீட்டித் தனத்தை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஜீப் வந்த நாளுக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான்.

"அன்னைக்கு என்னைய முழுசாச் சொல்ல விட்டுருக்கலாம் தாயி."

அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் செத்துப்போனார், மகன் குடியிருந்த மில் லைன் வீட்டில். கல்லறையில் ஊர் பெயர் போட வேண்டுமா என்று கொத்தன் கேட்டானாம். எதைப் போடுவது என்று தெரியாமல் பெயரை மட்டும் போட்டுவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால்கூட, பெண்ணுக்காகச் செய்தேன் என்று என் மனதை நான் ஆற்றிக்கொண்டிருப்பேன். லூர்து வீட்டில் பேத்திக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கியதற்கு விருந்து. சம்பந்தியம்மாவும் நானும் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு அந்த ரோட்டுக்கு வந்தது, வீடு போனதற்கு வந்தது. நான் மனம் தாங்காமல், "ஒங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் மதினி. நாங்க வெள்ளைப்பாறை இல்ல. உப்புக்கெணறு" என்றேன்.

அந்தம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"அடி ஆத்தே, இதென்ன புதுசா? அன்னைக்கே தெரியும் மதினி. நீங்க குடுத்த காப்பிய வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"நான் நல்ல தண்ணியிலதானே வச்சிருந்தேன்!"

"எனக்கென்னமோ உப்புக் கரிச்சுச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜீப்பில் வந்தவர்களுக்கும் சேர்த்துக் காப்பி போடச் சொன்னேன். ஆரோக்கியம் தண்ணீர் போதாமல் உள்ளூர்க் கிணற்றில் மொண்டு ஊற்றியிருக்கிறாள். நான் வாசலில் நின்று ஊரே இல்லை என்று வாசித்துக்கொண்டிருந்தபோது, என் அடுப்பில் அந்த ஊர் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா பொண்ணு எடுத்தீக?"

"எங்க வீட்டுக்காரரு காப்பியக் குடிச்சுட்டு எங்காதுல சொன்னாரு. 'ஏ, இது உப்புக்கெணறுடி. நான் வாங்குற போயிலை இங்கதான் வெளையுது. இந்தப் பொண்ணத்தான் எடுக்கணும்'னாரு. சாகிற வரைக்கும் அவருக்கு அந்தப் போயிலைதான். கடையில வேற குடுத்தா மூஞ்சியில எறிஞ்சுருவாரு." மறுபடி சிரித்தார். "நீங்க அந்த ஆபீசருகிட்ட இல்ல இல்லைன்னு அடிச்சுச் சொன்னதப் பாத்துட்டு, பாவம், எதுக்கு இந்தம்மா இப்பிடி மறைக்குதுன்னு நெனச்சுக்கிட்டோம்."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாயில் இருந்த வெற்றிலை அன்று அப்படிக் கசந்தது.

பஸ்ஸுக்கு வருகிறேன். கண்டக்டர் வெள்ளைப்பாறைக்குப் பிரியும் விலக்கில் விசிலடித்து, "பாட்டி, இங்க எறங்கிக்க. பின்னாடி நடந்தா நீ சொல்ற எடம்" என்று இறக்கிவிட்டான். மில் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்து இறக்கினாள். ரோட்டோரமாகவே பின்னால் நடந்தேன். எவ்வளவு தூரம் நடந்தேன், எங்கே நின்றேன், எனக்கே தெரியவில்லை. அடையாளம் சொல்ல ஒன்றும் இல்லை. கிணறு எந்தப் பக்கத்துத் தாருக்குக் கீழே இருக்கிறது, குருசடி, ரோட்டு நடுவில் செடி வைத்திருக்கிறார்களே அங்கேயா, என் அடுப்பு இருந்த இடத்தின் மேல்தான் அந்த லாரி போகிறதா? நின்று நின்று பார்த்தேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

திரும்பி விலக்குக்கே வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். கடைக்காரப் பெண் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த கேனிலிருந்து பிடித்துக் கொடுத்தாள்.

"வெள்ளைப்பாறைத் தண்ணி குடுத்தாப் போதும் தாயி. ரொம்ப நாளாச்சு."

"அதை எவன் குடிப்பான் பாட்டி? போரு ஆயிரம் அடி போயிருச்சு. வாயில வைக்க முடியாது, ஒரே உப்பு."

எங்கள் குடத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாராவது இருந்தால் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தெருவைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லார் வீட்டு வாசலிலும் நீலக் கேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுருக்குப்பையைப் பிரித்தேன். அந்தச் சீட்டு கசங்கிப்போயிருந்தது. மை ஏற்கனவே மங்கத் தொடங்கியிருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் மடத்து அம்மாமார் சொல்லிக் கொடுத்த மாதிரி விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன்.

வெள்-ளைப்-பா-றை.

பஸ்ஸில் வாய் திறந்து சரியான பெயரைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்கும் ஜீப் வந்த அன்றைக்கு நான் சொன்னதைத்தான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறான்.